ஏழாவது துண்டு

எனக்கு வயது இரண்டு இருபதும் பதின்மூன்றும்.
எங்கள் மொழியில் அப்படித்தான் சொல்வோம்.
கணக்கு வராதவன் என்று பேரெடுத்தவன்கூட இங்கே
வயதைச் சொல்ல
ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போட்டாக வேண்டும்.

ருஸ்தாவியில் எஃகு ஆலை. நான் கிரேன் ஓட்டுகிறேன்.
தேர்வு எழுதித் தேறினால் ஃபோர்மேன்.
அதற்காகச் செவ்வாயும் வெள்ளியும் இருட்டிய பிறகு
பள்ளிக்கூடத்துப் பின்கட்டில்,
எட்டு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சில்
முழங்காலை மடக்கித் திணித்து உட்கார்கிறேன்.
என்னோடு இன்னும் ஐந்து பேர்.
ஆசிரியை தெக்லே
என் இளைய மகளைவிட நான்கு மாதம் சின்னவள்.

அன்று அவள் சாக்பீஸைத் தொடவே இல்லை.
மேசைமேல் கச்சாப்புரி,
பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட வட்ட ரொட்டி.
அடுமனையில் வேலை முடித்த கையோடு
மிஸெவினார் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தது.
நெய் மணக்கிறது.
'மூன்றே வெட்டு. நேர்வெட்டு.
அதிகபட்சம் எத்தனை துண்டு?'

ஆறு, என்றோம் ஒரே குரலில்.
ஆறு பேர், ஆறு துண்டு, இதில் கேட்க என்ன இருக்கிறது?
அவள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.
கத்தியை என்னிடம் நீட்டினாள்.

இரண்டு வெட்டு வெட்டியிருப்பேன்,
கதவு திறந்தது.
தோளில் பனியோடு ஒரு பெண். ஐனூர்.
மார்னெயுலியிலிருந்து வரும் மினிபஸ் பாதியில் நின்றுவிட்டதாம்.
எங்கள் மொழியை அவள்
கல்லுக்குக் கல் தாண்டி ஓடையைக் கடப்பதுபோலப் பேசினாள்.
'மூன்றாவதை நீங்கள் வெட்டுங்கள்'
என்றாள் தெக்லே.

மேசைக்கு ஒரு கால் குட்டை.
பேருந்து ஓட்டும் பத்ரி வேறு அதில் முழங்கை ஊன்றியிருந்தான்.
அவன் கையை எடுத்தான், மேசை ஆடியது,
கத்தி நடுவை விட்டு
ஒரு விரற்கடை விலகி ஓடியது.
ஐனூர் முகம் சிவந்துவிட்டது. 'மன்னிக்கணும், மன்னிக்கணும்.'

'எண்ணுங்கள்.'

ஏழு.
மறுபடி எண்ணினோம். பத்ரி விரல் வைத்து எண்ணினான்.
ஏழேதான்.
ஆறு துண்டுக்கு நடுவே
ஓரமே இல்லாத ஒரு சின்ன முக்கோணம்.

காலமெல்லாம் நடுவில் வெட்டினோமே,
அப்போதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது,
ஒரு புள்ளிக்குள் நசுங்கி.

ஏன், என்று கேட்டுவிட்டு
தெக்லே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
நெய் உறையத் தொடங்கியது.
யாரும் தொடவில்லை.
எனக்கு ஆலையின் கம்பிவடங்கள் ஞாபகம் வந்தன.
தட்டுத்தடுமாறிச் சொன்னேன்:
ஒவ்வொரு வெட்டும் மற்ற எல்லாவற்றையும் சந்திக்க வேண்டும்.
ஆனால் இரண்டு பேர் சந்தித்த இடத்துக்கு
மூன்றாமவன் போய் நிற்கக் கூடாது.

அவள் திரும்பினாள். பாராட்டவில்லை.
'அப்படியானால் நான்கு வெட்டுக்கு?' என்றாள்.

பங்கு போடும்போது சண்டை.
சமமாக ஒன்றுகூட இல்லை.
கடைசியில் வந்தவளுக்கு அந்தக் குட்டித் துண்டா என்று
மிஸெவினாருக்குக் கோபம்.
ஐனூரோ அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.
'எனக்கு ஓரம் பிடிக்காது.'

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரொட்டி.
பென்சிலால் பன்னிரண்டு வட்டம் போட்டுப் பார்த்து
விடை பதினொன்று என்று கண்டுபிடித்திருந்தேன்.
நூனு திட்டத் திட்ட,
இரண்டே பேர் சாப்பிடும் ரொட்டியை
நான்கு முறை வெட்டினேன்.

பத்து.

எங்கே போனது ஒன்று?
குனிந்து பார்த்தேன். இரண்டு வெட்டுகள்
ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தபடி போய்
சேருமுன்பே
ரொட்டி முடிந்துவிட்டது.

கத்தியின் முதுகை வைத்து
தட்டைத் தாண்டி, மேசைவிரிப்பின் மேல்
கோட்டை நீட்டிக்கொண்டே போனேன்.
உப்புக்குப்பிக்குப் பக்கத்தில்
சந்தித்துக்கொண்டன இரண்டும்.

'இங்கே ஒரு துண்டு இருக்கிறது' என்றேன்.
நூனு பார்த்தாள்.
உப்புக்குப்பியை
கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.